கிளினிக்கில் பாஸாகப் போனவனுக்கு

மச்சான்,

இன்று காலை பெர்மாஸ் ஜெயா சந்தையில் மீன் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற சீனப் பெரியவர் கால்சட்டைப் பையிலிருந்து சின்னத் தைலக் குப்பி ஒன்றை எடுத்தார். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கவலை இல்லாமல் சட்டையைப் பின்னால் தூக்கி இடுப்பில் தேய்த்துக்கொண்டார். மீன் வாடையைத் தள்ளிக்கொண்டு அந்தத் தைலத்தின் காரம் என் மூக்கில் ஏறியது. உடனே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மனிதர் என்ன செய்தார், பாவம். அவருடைய இடுப்பு, அவருடைய தைலம். கோபம் உன் மேல். கெம்போங் மீன் வாங்கப் போனவன் வேறு எதையோ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதை அப்படியே ஐஸ் பெட்டிக்குள் தள்ளிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

"செத்தவங்க மேல கோபப்படக் கூடாதுண்ணே" என்று உன் சரோஜா ஒருநாள் சொன்னாள். "உயிரோட இருந்தப்பவும் கோபப்பட்டேனே தங்கச்சி, அப்ப மட்டும் உன் வீட்டுக்காரன் கேட்டானா?" என்றேன். சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆகவே என் கோபத்தால் ஒரு நன்மையும் உண்டு என்று வைத்துக்கொள்.

நாம் இருவரும் செனாய்ப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அந்த இடத்தில் இப்போது தொழிற்சாலை. அதற்காக நான் அழப்போவதில்லை. அங்கே கொசுக்கடியைத் தவிர நமக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. நான் வாத்தியாரானேன். நீ சிங்கப்பூர்க் கிடங்கு வேலைக்குப் போனாய். விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, மற்ற மோட்டார்களோடு சிங்கப்பூர் போகும் பாலத்தில் இடித்துக்கொண்டு ஊர்ந்து, மழையோ வெயிலோ அதையே திரும்ப மாலையிலும் செய்து, ஓய்வு பெறும்வரை அப்படித்தான். அதற்குப் பிறகு இருவருக்கும் காலையில் பசியாற ஒரே ஒட்டுக்கடை. என் பெயர் உனக்கு மறந்தே போயிருக்கும் என்று நினைக்கிறேன். எப்போதும் "என்னா வாத்தியாரே"தான்.

பள்ளியில் நீ எப்படித் தேறினாய் என்பது எனக்குத் தெரியும். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் புத்தகத்தைத் திறப்பாய். பாஸும் ஆகிவிடுவாய். அதுதான் உன்னைக் கெடுத்தது. ஒருமுறையாவது நீ ஃபெயில் ஆகியிருந்தால் இன்று எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பாய்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறி இனிப்புநீர் வந்த பிறகும் நீ அதே வழியைத்தான் வைத்துக்கொண்டாய். அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் தேதி வந்தால் உனக்கு அது பரீட்சைத் தேதி. மற்ற நாளெல்லாம் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், சீனியில் தொட்டுத் தின்னும் ரொட்டி சானாய். மாத்திரை ஞாபகம் வந்தால் உண்டு. தேதி நெருங்கினால் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங், பாகற்காய்ச் சாறு, மாலை நடை. சரோஜா எனக்குப் போன் செய்வாள்: "அண்ணே, ஒங்க கூட்டாளி விரதம் ஆரம்பிச்சிட்டாரு. கிளினிக் சாமிக்கு."

ரத்தம் எடுத்த கையில் பஞ்சு ஒட்டியிருக்கும்போதே ஒட்டுக்கடைக்கு வந்து சேருவாய். "பாஸாயிட்டேன் வாத்தியாரே! மெஷின்ல ஆறு காட்டுச்சு. நர்ஸு 'பாகுஸ்'னு சொன்னாங்க, கெட்டிக்காரன்னு அர்த்தம். தெரியும்ல?" என்பாய். உடனே கடைக்காரரைப் பார்த்து, "தம்பி, தே தாரிக் ஒண்ணு. கம்மியா மானிஸ் போடு." அந்தக் "கம்மியா மானிஸ்" உனக்குப் பெரிய தியாகம். இனிப்பைக் குறைத்தாயாம். கெட்டிப்பால் உன் கணக்கில் இனிப்பில் சேராது, மாடு கொடுத்ததில் சேரும்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை ஒன்று இருக்கிறது, அதை ஏமாற்ற முடியாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! முந்தின நாள் படிப்பு அதற்கு உதவாது, நீ தினமும் வகுப்பில் உட்கார்ந்திருந்தாயா என்று பார்ப்பது அது, என்றேன். நீ தேநீரை உறிஞ்சிவிட்டு, "அந்த டெஸ்ட்டை ஒன்னாட்டம் ஒரு வாத்தியாருதான் கண்டுபிடிச்சிருக்கணும் லா. மனுசன நிம்மதியா வாழ விடாது" என்றாய். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன்னிடம் கோபமாக இருப்பதில் இதுதான் கஷ்டம்.

பிறகு அந்தக் கட்டி. பின்கழுத்தில், தலைக்கவசம் உரசும் இடத்தில், வேர்க்கடலை அளவுக்குச் சிவந்து நின்றது. "டாக்டர்கிட்ட காட்டு" என்றேன். "ஒரு கட்டிக்கு டாக்டரா? அவரு என்னைப் பார்த்துச் சிரிப்பாரு" என்றாய். நீயே நசுக்கினாய். சரோஜா வெந்நீர்த் துணி வைத்தாள். சீழ் வடிந்தது, காய்ந்தது, மறந்துபோனது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் ஒரு சின்னக் கட்டி சின்னக் கட்டியாகவே இருந்துவிடாது என்பதை நான் அப்போதே புத்தகத்தில் படித்து அறிந்திருந்தேன். உனக்குச் சொல்லவும் சொன்னேன். நீ கழுத்தைத் தடவிக்காட்டி, "பாரு, தழும்புகூட இல்ல" என்றாய்.

சில வாரம் கழித்து முதுகு வலி வந்தது. இங்கேதான், மச்சான், விதி உனக்காக ஒரு நல்ல சாக்கைத் தயாராக வைத்திருந்தது. உன் முதுகு வலித்தால் ஜொகூரில் யார் ஆச்சரியப்படுவார்கள்? இத்தனை வருடம் மோட்டாரில் பாலம் கடந்த முதுகு. யாரிடம் சொன்னாலும் அவர்களே காரணத்தை எடுத்துக் கொடுத்தார்கள். "பாலத்தை நான் விட்டாலும் பாலம் என்னை விடல லா" என்று நீ அதை ஒரு நகைச்சுவையாகவே ஆக்கிவிட்டாய். ஆனால் வேலை செய்து நொந்த முதுகு படுத்தால் ஆறும். உன் முதுகு படுத்தால்தான் அதிகம் வலித்தது. நீ நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறாய் என்று சரோஜா சொன்னாள். அதை நான் உன்னிடம் கேட்டபோது, "நாற்காலி புதுசு, மூவார்லேர்ந்து வாங்குனது. சும்மா கெடக்குதேன்னு தூங்குறேன்" என்றாய்.

மாலையானால் குளிர்க்காய்ச்சல். சரோஜா பயந்துபோய் உன்னைத் தனியார் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். அந்த வாரம்தான் நம் வரிசை வீடுகளுக்குக் கொசுப்புகை அடித்திருந்தார்கள். டெங்கி சோதனை செய்தார்கள். டெங்கி இல்லை. அன்று நீ எனக்குப் போன் செய்த குரல் இன்னும் காதில் இருக்கிறது. "டெங்கி இல்ல வாத்தியாரே! வீட்டுக்கு வா, டுரியான் வாங்கியிருக்கேன்."

வந்தேன். வாசலிலேயே டுரியான் வாடை. நீ கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். சாயும்போது பல்லைக் கடித்தாய்.

"டெங்கி இல்லைன்னா வேற என்னன்னு டாக்டர் சொன்னாரு?"

"வேற என்ன இருக்கு? டெங்கி இல்ல. முடிஞ்சிது."

"காய்ச்சல் விடலைன்னா திரும்ப வரச் சொன்னாருண்ணே" என்றாள் சரோஜா சமையலறையிலிருந்து.

"அவரு சொல்லுவாரு. அவருக்கும் கடை நடக்கணும்ல?" என்றாய்.

நான் உனக்கு ஓர் உதாரணம் சொன்னேன். வகுப்பில் ஒரு பையனைக் காணோம் என்று வைத்துக்கொள். முத்துவாக இருக்குமோ என்று பார்க்கிறேன். முத்து இருக்கிறான். உடனே எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று கதவைச் சாத்திவிடலாமா? காணாமல் போனவன் யாரென்று தேட வேண்டாமா? நீ ஒரு சுளையை எடுத்து என் கையில் வைத்து, "முத்து கெடைச்சிட்டான்ல, சாப்பிடு" என்றாய். நம் ஊரில் காய்ச்சலுக்கு இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதற்கு இல்லை என்று பதில் வந்தால் திருவிழா.

காய்ச்சலுக்கு ஒரு சாக்கும் முதுகுக்கு ஒரு சாக்கும் போதாதென்று, பிறகு காற்று வந்தது. மலாய்க்காரர்கள் அங்கின் என்பார்கள், நாம் காத்து என்போம். வயிறு உப்பினாலும் காத்து, முட்டி வலித்தாலும் காத்து, தலை சுற்றினாலும் காத்து. இரண்டு மொழியிலும் இருக்கிற சொல் என்பதால் நமக்கு அதன் மேல் இரட்டை நம்பிக்கை. உன் முதுகில் காத்து புகுந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, சுளுக்கு எடுக்கும் மலாய்ப் பெரியவர் பாக் மானிடம் முதுகை உருவிக்கொள்ளப் போனாய். பாக் மான் நல்ல மனிதர். என் தோள்பட்டைச் சுளுக்கை எடுத்தவரே அவர்தான். தசை பிடித்துக்கொண்டால் அவர் கை மருந்து. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அவருக்கு ஒரு வழக்கம். உருவும்போது ஏப்பம் விடுவார். நோயாளியின் உடம்பிலிருந்து காற்று அவர் கை வழியாக ஏறி, வாய் வழியாக வெளியே போகிறது என்று கணக்கு. நான் அன்று உன்னோடு வந்து அவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். நீ பாயில் குப்புறப் படுத்திருந்தாய். அவர் காரமான தைலத்தைத் தேய்த்து, உன் முதுகுத்தண்டின் ஓரம் கட்டைவிரலை வைத்தார். நீ "அலமாக்!" என்று அலறினாய். அவர் "ஏஏவ்" என்று ஒரு நீளமான ஏப்பம் விட்டார். "பாஞாக் அங்கின்" என்றார். நிறையக் காற்றாம். இன்னொரு அழுத்து, இன்னொரு அலறல், இன்னொரு ஏப்பம்.

காரில் ஏறும்போது உன்னால் நிமிர முடியவில்லை. முகமெல்லாம் வேர்வை. ஆனால் ஒரு மகிழ்ச்சி. "கேட்டியா வாத்தியாரே, கடைசி ஏப்பம்? கூரையே அதிர்ந்திருக்கும். எம்புட்டுக் காத்து இருந்திருந்தா அப்படி வரும்!"

"வலி குறைஞ்சிருக்கா?"

"ஏப்பம் வந்துருச்சே."

"நான் வலியைக் கேட்டேன்."

"காத்து கலைஞ்சிருக்கு. கலைஞ்சா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்."

வேறொருவருடைய ஏப்பத்தை வைத்துத் தன் முதுகின் நலத்தை அளந்த மனிதன் உலகத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய் என்று அப்போது நினைத்தேன். இல்லை, நம் ஊர் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு முதுகில் இருப்பது வெறும் சுளுக்கு. அதனால் பிழைத்துக்கொள்கிறார்கள்.

இனி, என்னால் உன்னை மன்னிக்க முடியாத இடத்துக்கு வருகிறேன்.

அந்த மாதம் உன் கிளினிக் தேதி வந்தது. நான் கூட வருகிறேன் என்றேன். "பரீட்சை ஹாலுக்கு வாத்தியாரு வரக் கூடாது" என்று சொல்லி நீ தனியாகப் போய்விட்டாய். அங்கே நடந்ததை நீயே ஒட்டுக்கடையில், வெற்றிக் கதைபோல, எனக்குச் சொன்னாய். நான் அதை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலாவது எனக்கு விளங்குகிறதா பார்க்கலாம்.

வழக்கப்படி முன்கூட்டியே பட்டினி கிடந்தாய். அந்தத் தடவை சர்க்கரை இறங்கவே இல்லை. உள்ளே கிருமி பெருகினால் பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறும் என்பது உனக்குத் தெரியாது. வீட்டு மெஷினுக்கு வயதாகிவிட்டது என்றாய். கிளினிக்கிலும் எண் உயரமாகவே வந்தது. ஏன் இப்படி என்று அங்கிருந்த இளம் பெண் டாக்டர் கேட்டாராம். நீ என்ன சொன்னாய்? "நேத்து கல்யாண விருந்து டாக்டர்." வாழ்நாளெல்லாம் தின்றுவிட்டுத் தின்னவில்லை என்று சொன்னவன், உண்மையாகவே பட்டினி கிடந்த அன்று தின்றேன் என்று சொன்னாய்! அடுத்து காய்ச்சலைப் பார்த்தார்கள். கிளம்பும் முன்னே காய்ச்சல் மாத்திரை போட்டிருந்தாய்; கருவி சரியான அளவைக் காட்டியது. கடைசியாக முதுகு. "அங்கின், டாக்டர். மோட்டார் ஓட்டின முதுகு. உருவியாச்சு."

மூன்று கேள்விக்கும் மூன்று விடை, மூன்றும் வேறு எவனோ எழுதிய தாளிலிருந்து. வெளியே முப்பது பேர் காத்திருக்க, எதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசும் பெரியவர் தானே நோயைச் சொல்லி, தானே காரணமும் சொன்னால் அந்தப் பெண் என்ன செய்வார்? சர்க்கரை மாத்திரையைக் கூட்டி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

"பாஸ்" என்று மாத்திரைப் பையை மேசையில் வைத்தாய்.

"காய்ச்சலைச் சொன்னியா?"

"இருக்கான்னு கேட்டாங்க. அப்ப இல்ல. இல்லைன்னேன். பொய்யா?"

"சாயங்காலம் குளிரு வருதே, அதைச் சொன்னியா? கழுத்துல கட்டி வந்துச்சே, அதை?"

"கழுத்துக்கும் முதுகுக்கும் என்னா வாத்தியாரே சம்பந்தம்?"

"படுக்க முடியலைன்னு சொன்னியா?"

"அவங்க கேக்கல."

"நோயின் பேரை நீ சொல்லாத மச்சான். வலியைச் சொல்லு. பேரை அவங்க வைப்பாங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நீ என் தோளைத் தட்டி, "பென்ஷன் வாங்கியும் பாடம் நடத்துறத விடலியே" என்றாய். இப்போதே திரும்பப் போகலாம் என்றேன். அடுத்த தேதி வரட்டும் என்றாய்.

அடுத்த தேதி வரவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு காலை, பசியாறிவிட்டு நீ எழுந்தாய். மேசையைப் பிடித்துக்கொண்டு, பிறகு நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் போனாய். "அங்கிள், செலிப்பர்!" என்று ரொட்டி போடுகிறவர் கத்தினார். உன் ஒரு காலில் செருப்பு இல்லை. மேசைக்கடியிலேயே கிடந்தது. நீ குனிந்து உன் காலைப் பார்த்தாய். வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறாய். அது உனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாய். முதல்முறையாக உன் முகத்தில் நகைச்சுவை எதுவும் தயாராக இல்லை.

"காலையில ஒண்ணுக்குப் போனியா?" என்று கேட்டேன். எங்கோ படித்த ஞாபகம்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து வரல."

உன்னைக் காரில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு விரட்டினேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் உன் மேல் கத்தினேன். நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அவசரப் பிரிவில் உனக்கு முன்னால் நானே பேசினேன். கட்டி, காய்ச்சல், படுத்தால் வலி, மரத்த கால், வராத சிறுநீர். கல்யாண விருந்து கிடையாது, பட்டினி என்றும் சொன்னேன். டாக்டரின் முகம் மாறியது. அன்றே ஸ்கேன், அன்றே அறுவை.

முதுகெலும்பில் கிருமி. எலும்பை அரித்து, பக்கத்தில் சீழ் கட்டி, தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கழுத்துக் கட்டியிலிருந்தே ரத்தத்தில் ஏறிப் போயிருக்கலாம் என்றார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இது வருவதுண்டாம். உடம்பின் காவல்காரர்கள் சர்க்கரைப் பாகில் சிக்கிய எறும்புபோல் மெதுவாகிவிடுகிறார்கள். சரோஜாவுக்கு நான் தோட்டக் குழாயை வைத்து விளக்கினேன். குழாயின் மேல் யாரோ கால் வைத்து நிற்கிறார்கள், அதனால் செடிக்குத் தண்ணீர் போகவில்லை. காலை எடுத்தாகிவிட்டது, இனி தண்ணீர் வருகிறதா பார்க்க வேண்டும். "காலை எப்ப வெச்சதுண்ணே?" என்று கேட்டாள். வாரக்கணக்காக வைத்திருந்தது என்று எப்படிச் சொல்வேன்?

நீ நடப்பாயா என்பதுதான் அதற்குப் பிறகு எங்களுடைய ஒரே பேச்சு. வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏறியது. ஒருநாள் உன் வலது பெருவிரல் அசைந்தது. சரோஜா அதற்கு விபூதி பூசினாள். உடற்பயிற்சிக்காரர் உன்னை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தினார். "பாலத்துல நிக்கிற மாதிரியே இருக்கு லா, நகரவே மாட்டேங்குது" என்றாய். அன்று வார்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நீ இரண்டு அடி வைத்தாய்.

அங்கே வேறோர் இளம் டாக்டர், மலாய்ப் பெண், உன் கட்டிலருகே வந்து எல்லாம் கேட்டு முடித்த பிறகும் ஒரு கேள்வி கேட்பார். "லாகி, பாக்சிக்?" வேறு ஏதாவது, பெரியவரே? முதல் நாட்களில் நீ கையை ஆட்டி "தாடா" என்றாய், இல்லை. பிறகு மெல்ல மெல்லச் சொல்ல ஆரம்பித்தாய். இங்கே வலிக்கிறது, இப்படி வலிக்கிறது, நேற்றைவிட இன்று கூட. சிறுநீர்க் குழாய் எரிகிறது. தின்ற எதையும் மறைக்கவில்லை. அவ்வளவு நல்ல மாணவனாகிவிட்டாய். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது எல்லாம் உன்னால் முடிகிற காரியம்தானா?

ஒரு பிற்பகல், சரோஜா வீட்டுக்குப் போயிருந்தபோது கேட்டே விட்டேன். "இப்ப இம்புட்டுச் சொல்றியே. அன்னைக்கு ஏண்டா சொல்லல? வேற என்னதான் இருந்துச்சு உனக்கு?"

நீ கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "எங்கப்பா இனிப்புநீருன்னு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. புண்ணு இருக்குன்னு உண்மையச் சொன்னாரு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. சொன்னா எடுத்துருவாங்கன்னு மனசுல நின்னுபோச்சு. பயம், வாத்தியாரே. எனக்குக் கால் வேணும்."

அறுபது வருடம் உன்னோடு பழகியிருக்கிறேன். உன் அப்பாவின் கால் எனக்குத் தெரியும். உன் பயம் எனக்குத் தெரியாது. அவருடைய காலை எடுத்தது உண்மையைச் சொன்னதால் அல்ல, தாமதமாகச் சொன்னதால் என்று விளக்க வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். காலுக்குப் பயந்து மறைத்தாய், காலிலேயே வந்து நின்றது. அது உனக்கே தெரிந்திருந்தது. கையை நீட்டினாய், பிடித்துக்கொண்டேன். அப்போதும் கோபம்தான், மச்சான். ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வாரம் காய்ச்சல் திரும்பியது. நீ மறைக்கவில்லை, மணியை அடித்து நீயே நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னாய். கிருமி இதயத்தின் வால்வில் உட்கார்ந்துவிட்டது என்றார்கள். அவர்கள் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். நீயும் செய்தாய். எல்லாப் பாடத்தையும் சரியாக எழுதிய அந்த ஒரு தடவை நீ தேறவில்லை. வாத்தியாராக இருந்து இதைவிட அநியாயமான ஒரு விடைத்தாளை நான் பார்த்ததில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த டாக்டரின் கேள்விதான். வேறு ஏதாவது? யாராவது "ஒண்ணுமில்ல" என்றால் நான் இப்போது எழுந்து போவதில்லை. உட்கார்ந்தே இருக்கிறேன். கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும்.

போன மாதம் சரோஜாவைப் பார்க்கப் போனேன். அவளுக்கும் இனிப்புநீர் இருப்பது உனக்குத் தெரியும். உன் சத்தத்தில் அவளுடையது யாருக்கும் கேட்டதில்லை. மெலிந்திருந்தாள். எப்படி இருக்கே என்றேன். "ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். தேநீர் குடித்து முடித்தேன். எழவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "வேற என்ன தங்கச்சி?" என்றேன்.

முந்தானையை விரலில் முறுக்கிக்கொண்டே சொன்னாள். "மாத்திரை சாப்பிடுறதே இல்லண்ணே. அவரு போனதுலேர்ந்து. எதுக்குன்னு தோணுது. இப்ப பாதம் எரியுது. கிளினிக்குக்குப் போனா ஏசுவாங்க. அதான் நாளைலேர்ந்து ஒழுங்கா சாப்பிட்டு, கொஞ்சம் எறங்குன பெறகு போகலாம்னு..."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. புருசனும் பெண்டாட்டியும் ஒரே பள்ளிக்கூடம்! "எறங்க வேணாம். இப்படியே வா" என்றேன். அன்றே கூட்டிப் போனேன். டாக்டர் அறைக் கதவு வரைக்கும் போனேன், உள்ளேயும் போனேன். இந்தத் தடவை யாரும் என்னைப் பரீட்சை ஹாலை விட்டு வெளியே நிறுத்தவில்லை. சரோஜா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான் சொல்லிக்கொடுக்காமலேயே, தன் மலாயில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். புருசன் செத்துப்போனார். மாத்திரையை நிறுத்திவிட்டேன். பாதம் எரிகிறது. மனம் சரியில்லை.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவளுடைய செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். புண் எதுவும் இல்லை, நல்ல வேளை வந்தீர்கள் என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மனசுக்குப் பேச ஒரு நர்ஸ் இருக்கிறார், வரும் வாரம் வாருங்கள் என்றார்.

அவ்வளவுதான், மச்சான். யாரும் ஏசவில்லை. உண்மை முழுவதையும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு காலாலும் நடந்து வெளியே வந்தாள்.